பழைய காரின் புகை கூறும் செய்தி

தோட்டப்புறத்தில் பழைய கார் ஒன்று வைத்திருப்பதை ஆடம்பரம் என்று எவரும் கூறிவிட இயலாது. பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டு சேர்ப்பதற்கும், நோயுற்றவரை நள்ளிரவில் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வதற்கும், பேருந்து எட்டிப் பாராத செம்மண் சாலையில் அதுவே துணை. 1985ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அறிமுகமான புரோட்டோன் சாகாவும், 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் பல கைகள் மாறி, இன்றும் தோட்டங்களில் ஓடுவதைக் காண்கிறோம். அத்தகைய கார்கள் வயதாகும்போது புகையத் தொடங்குகின்றன. புகையைக் கண்டதும் நம்மவர்கள் அஞ்சிவிடுகின்றனர். அச்சத்தில் பணத்தையும் இழக்கின்றனர்.

பேரா மாநிலத்துத் தோட்டமொன்றிற்கு நாம் சென்றிருந்தபோது, பால்மரம் சீவும் நண்பர் ஒருவர் தம்முடைய பழைய சாகாவை நம்மிடம் காட்டினார். காலையில் இயந்திரத்தை முடுக்கியதும் நீல நிறப் புகை ‘குப்’பென்று கிளம்பி, லயத்தின் வாசல் வரை பரவியது. பட்டணத்துப் பட்டறை ஒன்றில், “இயந்திரம் முடிந்துவிட்டது; முழுவதையும் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும்” என்று கூறிவிட்டார்களாம். அவர்கள் கேட்ட தொகை அவருடைய இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். மனைவியின் சங்கிலியை அடகு வைப்பதா, காரைக் கழிவு விலைக்குத் தள்ளுவதா என்ற கவலையில் அவர் இருந்தார். “புகை எப்பொழுது வருகிறது?” என்று நாம் கேட்டோம். அந்தக் கேள்வியைப் பட்டறையில் எவரும் கேட்கவில்லை என்றார்.

நிறத்தைப் பார்க்க வேண்டும் என்பது பலரும் அறிந்ததே. நிறத்தைவிடப் புகை வரும் நேரத்தைப் பார்ப்பது முக்கியம் என்பதைத்தான் பலர் அறிவதில்லை.

வெள்ளை நிறத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் எரியும்போது நீர் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக வெளியேறும். குளிர்ந்த விடியற்காலையில் அந்த ஆவி மெல்லிய வெண்புகையாகத் தோன்றிச் சில நிமிடங்களில் மறைந்துவிடும். அது நோயன்று. ஆனால் இயந்திரம் நன்கு சூடேறிய பின்னும் அடர்ந்த வெண்புகை தொடர்ந்து வருமாயின், ரேடியேட்டர் நீர் சிலிண்டருக்குள் கசிகிறது என்று ஐயுற வேண்டும். நீர் அடிக்கடி குறையும்; எண்ணெய் மூடியின் அடிப்புறத்தில் பால் கலந்த தேநீரின் நிறத்தில் நுரை ஒட்டியிருக்கவும் கூடும். பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கும். இந்த நிலையில் காரை ஓட்டுவது கூடாது. இயந்திரம் கொதித்தால் அலுமினியத்தாலான மேற்பகுதி வளைந்துவிடும். அப்பொழுது சிறிய செலவு பெரிய செலவாகும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். ஆறிய பின்னரே திறக்க வேண்டும்.

கரும்புகை எளிய செய்தி. மண்ணெண்ணெய் விளக்கின் திரியை அளவுக்கு மேல் ஏற்றினால் கண்ணாடியில் கரி படிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்று போதாமல் எண்ணெய் மிகுந்தால் அப்படித்தான் ஆகும். காரிலும் அவ்வாறே. செம்மண் சாலையின் தூசு காற்று வடிகட்டியை அடைத்துவிடுகிறது; அல்லது கார்புரேட்டரின் சோக் திறவாமல் ஒட்டிக்கொள்கிறது. வடிகட்டியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவாவிடில் புதியது வாங்குங்கள், அதிகச் செலவில்லை. சோக்கைச் சரிசெய்வதும் அரை நாள் வேலையே. கரும்புகை வரும் காரில் பெட்ரோல் வீணாவது மட்டுமன்று; நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் மிகுதியாக வெளிப்படும். துருப்பிடித்துத் துளை விழுந்த புகைக்குழாயின் வழியாக அது காருக்குள் புகுந்தால், பின்னிருக்கையில் உறங்கும் குழந்தைக்கு ஆபத்து. மூடிய கொட்டகைக்குள் இயந்திரத்தை ஒருபொழுதும் ஓடவிடாதீர்கள். பெட்ரோல் வண்டிகளின் கழிவு வாயுவுக்கு 1996ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகள் வரம்பு விதித்துள்ளன என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி நண்பரைக் கலங்க வைத்த நீலப்புகைக்கு வருவோம். நீலம் என்றால் இயந்திர எண்ணெய் எரிகிறது என்று பொருள். அந்த எண்ணெய் சிலிண்டருக்குள் வருவதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிகளே உண்டு. மேலிருந்து வால்வுகளின் தண்டு வழியே சொட்டலாம். கீழிருந்து தேய்ந்த பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஏறலாம். முதலாவதற்குச் சிறு செலவு, இரண்டாவதற்கே ஓவர்ஹால். நீலப்புகை என்றதும் இரண்டாவதையே முடிவாகச் சொல்லிவிடும் பட்டறைகள் சில உள்ளன.

வால்வுத் தண்டைச் சுற்றிச் சிறு தொப்பி போன்ற ஒரு ரப்பர் அடைப்பு உண்டு. வால்வு சீல் என்பர். அது நீங்கள் சீவும் பாலில் உருவாகும் இயற்கை ரப்பர் அன்று. இயற்கை ரப்பர் இயந்திர எண்ணெயில் ஊறினால் உப்பிச் சிதைந்துவிடும். ஆகவே எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பரால் அதனைச் செய்கின்றனர். அதுவும் பல ஆண்டுகள் வெப்பத்தில் வெந்தால் கட்டையாகி வெடித்துவிடும். இரவு முழுவதும் கார் நிற்கும்போது எண்ணெய் சிறிது சிறிதாக உள்ளே இறங்கித் தங்கும். காலையில் முடுக்கியதும் அது எரிந்து ஒரு முறை நீலப்புகை கிளம்பும். சில நிமிடங்களில் நின்றுவிடும். இறக்கத்தில் கியரில் வைத்தபடி எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்து இறங்கி, அடிவாரத்தில் மீண்டும் மிதித்தாலும் இதேபோல் ஒரு கொத்துப் புகை வரும். வளையங்கள் தேய்ந்த கார் அவ்வாறு செய்யாது. மேட்டில் பாரத்தோடு ஏறும்போதும், வேகமெடுக்கும்போதும் விடாமல் புகையும், இழுவையும் குறைந்திருக்கும். உங்கள் காரை நீங்களே ஓட்டிக்கொண்டு இதனைப் பார்ப்பது கடினம். பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒருவரை வரச்செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

இவற்றுக்கும் முன்னதாகப் பார்க்க வேண்டிய இரண்டு உண்டு. எண்ணெய் அளக்கும் கம்பியில் மேற்கோட்டுக்கு மேல் எண்ணெய் நிற்கிறதா என்று பாருங்கள். அதிகம் ஊற்றுவதும் புகைக்குக் காரணமாகும். அடுத்து, இயந்திரத்தின் உட்காற்றை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு. பெரும்பாலான பழைய கார்களில் அது மேல்மூடியில் ஒரு குழாயோடு பொருத்தப்பட்டிருக்கும். கழற்றி ஆட்டினால் ‘கடகட’வென்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிடில் அடைத்துள்ளது; மாற்றிவிடுங்கள். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் மிகுந்து, நல்ல சீலையும் வளையத்தையும் கடந்து எண்ணெய் வெளியேறும்.

ஐயம் தீராவிடில் பட்டறையில் ‘கம்ப்ரெஷன்’ சோதனை செய்யச் சொல்லுங்கள். இதனைக் கேட்பதற்குத் தயங்க வேண்டா. பணம் கொடுப்பவர் நீங்கள். சூடான இயந்திரத்தின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பர். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் ஒன்று குறைந்திருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பர். அழுத்தம் உயர்ந்தால் வளையம் தேய்ந்துள்ளது. உயராவிட்டால் குறை வால்விலோ கேஸ்கெட்டிலோ இருக்கும். நான்கிலும் அழுத்தம் நன்றாக இருந்து, காலையில் மட்டும் நீலப்புகை வந்தால், சீலை மட்டும் மாற்றினால் போதும். கைதேர்ந்தவர், சிலிண்டருக்குள் காற்றை அடைத்து வால்வு விழாமல் பிடித்துக்கொண்டு, இயந்திரத்தின் தலையைக் கழற்றாமலே அதனை மாற்றிவிடுவார்.

கடைகளில் புட்டியில் விற்கும் ‘புகை நிறுத்தும்’ எண்ணெயை நம்பிப் பலர் பணம் செலவிடுகின்றனர். கட்டையான ரப்பரை அது சிறிது மென்மையாக்கலாம், வெடித்துப்போனதை ஒட்டாது, தேய்ந்த இரும்பை வளர்க்கவும் செய்யாது. வளையமே தேய்ந்துவிட்டதெனில் உடனே கடன் வாங்கவும் வேண்டியதில்லை. 1,000 கிலோமீட்டர் ஓட்டி, எவ்வளவு எண்ணெய் குறைகிறது என்று எழுதி வையுங்கள். ஒரு லிட்டருக்கு மேல் குறைந்தால் பழுது முற்றிவிட்டது. அதற்கும் குறைவாயின், கம்பியை வாரந்தோறும் பார்த்து எண்ணெய் ஊற்றியபடி பணம் சேர்க்க அவகாசம் கிடைக்கும்.

நண்பரின் சாகாவுக்கு இச்சோதனையை வேறொரு பட்டறையில் செய்தனர். நான்கு சிலிண்டர்களும் நன்றாகவே இருந்தன. சீல்களை மாற்றியதோடு வேலை முடிந்தது. சங்கிலி அடகுக்குப் போகவில்லை. ஆனால் வீடு திரும்பிய மறுநாளும் புகை வரக்கண்டு அவர் மீண்டும் கலங்கிப்போய் நமக்குத் தொலைபேசியில் அழைத்தார். புகைக்குழாயின் உள்ளே பல மாதங்களாகப் படிந்திருந்த எண்ணெய் எரிந்து தீர வேண்டும், சில நாட்கள் ஓட்டிப் பாருங்கள் என்றோம். ஐந்தாம் நாள் காலையில் லயத்தின் வாசலில் புகை இல்லை.