புஸ் இன் பூட்ஸ்: த லாஸ்ட் விஷ்

புஸ் இன் பூட்ஸ்: த லாஸ்ட் விஷ் 2022 ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கக் கனவுருப்புனைவு அசைவூட்டத் திரைப்படமாகும். ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷன் நிறுவனம் தயாரித்த இப்படத்தை ஜோயல் கிராஃபோர்ட் இயக்கினார். 2011 இல் வெளிவந்த புஸ் இன் பூட்ஸ் படத்தின் தொடர்ச்சியான இது, முதற்படத்தினும் சிறந்ததாகப் பல விமர்சகர்களால் மதிப்பிடப்படுகின்றது.

பின்னணி

காலணி அணிந்த பூனையின் கதை ஐரோப்பிய நாட்டார் கதைகளுள் ஒன்று. பிரெஞ்சு எழுத்தாளர் சார்லஸ் பெரோ 1697 இல் வெளியிட்ட வடிவம் புகழ்பெற்றது. திரையில் இப்பூனை ஷ்ரெக் 2 (2004) படத்தில் துணைக் கதாபாத்திரமாக அறிமுகமானது. அது முதல் அன்டோனியோ பண்டேராஸ் இதற்குக் குரல் கொடுத்து வருகின்றார்.

கதைச்சுருக்கம்

எச்சரிக்கை: இப்பகுதியில் கதையின் முடிவும் கூறப்பட்டுள்ளது.

பூனைக்கு ஒன்பது உயிர்கள் என்பது ஆங்கிலேயர் வழக்கு. ஸ்பானிய வழக்கில் அவை ஏழு. படம் ஒன்பதையே கொள்கின்றது. ஓர் அரக்கனை வென்ற களிப்பில் இருக்கும் புஸ் மீது ஆலயமணி விழுகின்றது. இறந்து மீண்டும் எழும் அவனிடம், எட்டு உயிர்கள் தீர்ந்துவிட்டன என மருத்துவர் கூறுகின்றார். அன்றிரவே இரு அரிவாள்கள் ஏந்திய ஓநாயிடம் புஸ் தோற்று, வாழ்நாளில் முதன்முறையாக அஞ்சி ஓடுகின்றான்.

வேண்டியதை ஒருமுறை மட்டும் அருளும் விண்மீனைப் பற்றி அறிந்து, இழந்த உயிர்களைத் திரும்பப் பெறப் புறப்படுகின்றான். முன்பு அவன் திருமணத்தன்று கைவிட்ட கிட்டியும், பெயரில்லாத ஒரு நாயும் உடன் செல்கின்றனர். கோல்டிலாக்ஸும் மூன்று கரடிகளும் ஒருபுறமும், ஜாக் ஹார்னர் மறுபுறமும் அதே விண்மீனைத் தேடுகின்றனர். ஓநாய் வேறு யாருமல்ல, மரணமே என்பது பின்னர் வெளிப்படுகின்றது. எட்டு உயிர்களையும் மதிக்காமல் வீணாக்கியதே மரணத்தின் சினத்துக்குக் காரணம். இறுதியில் புஸ் வரத்தைத் துறந்து, எஞ்சிய ஓர் உயிருடன் ஓநாயை எதிர்கொள்கின்றான். தன்னை வெல்ல இயலாது என அறிந்தும் போரிடும் அவனை மரணம் விட்டுச் செல்கின்றது.

முதற்படத்துடன் ஒப்பீடு

கிறிஸ் மில்லர் இயக்கிய முதற்படம், மந்திர அவரை, பொன்முட்டையிடும் வாத்து ஆகியவற்றைச் சுற்றிய சாகசக் கதை. அதில் புஸ் மீட்க வேண்டியது இழந்த நற்பெயரை. இரண்டாம் படத்தில் அவனது வீரமே கேள்விக்குள்ளாகின்றது: உயிர்கள் மிச்சமிருந்ததால்தான் அவன் அஞ்சாதிருந்தானா? இக்கேள்வியே கதையை இறுதிவரை நடத்துகின்றது. வரைபடம் அதை ஏந்துபவரின் இயல்புக்கேற்ப வழியை மாற்றுவதும் இதனுடன் இணைந்ததே. நாயின் கையில் எளிதான மலர்வழி தோன்றுகின்றது. புஸ்ஸின் கையில் கொடிய வழியே தோன்றுகின்றது.

மரணம் நெருங்கும்போது சீழ்க்கை ஒலி கேட்கின்றது. ஓரிடத்தில் புஸ் அச்சத்தால் மூச்சுத்திணறி விழ, நாய் ஒன்றும் பேசாமல் அவன் வயிற்றின் மீது தலை சாய்க்கின்றது. சிறுவர் படங்களில் அரிதான இக்காட்சி பெரிதும் பாராட்டப்பட்டது.

அசைவூட்ட நுட்பம்

முதற்படம் வழமையான முப்பரிமாணக் கணினி அசைவூட்ட முறையில் அமைந்தது. இப்படத்தில் பரப்புகள் தூரிகையால் தீட்டிய கதைப்புத்தக ஓவியம் போலத் தோன்றுகின்றன. திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஒவ்வொரு நிலையையும் இரு சட்டங்களுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 நிலைகளே கிடைக்கும்; அசைவு வெட்டிவெட்டிச் செல்லும். சண்டைக் காட்சிகளில் இவ்வாறு நிலைகள் குறைக்கப்பட்டதால் ஒவ்வொரு வீச்சும் தனித்துத் தெரிகின்றது. ஸ்பைடர்-மேன்: இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ் (2018) படம் பரவலாக்கிய முறை இது.

வரவேற்பு

அமெரிக்காவில் 2022 டிசம்பர் 21 அன்று வெளியான இப்படம், அங்கும் கனடாவிலும் முதல் வார இறுதியில் சுமார் 1.2 கோடி டாலர் மட்டுமே ஈட்டியது. பார்த்தவர்களின் பரிந்துரையால் பல வாரங்கள் ஓடி, அவ்விரு நாடுகளில் 18 கோடி டாலரைக் கடந்து முதற்படத்தை விஞ்சியது. உலகளவில் 48 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. முதற்படத்தின் 55 கோடி டாலரை இது எட்டவில்லை. இரு படங்களுமே சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டன. முதற்படத்தின் ஆண்டில் ரேங்கோவும், இதன் ஆண்டில் கியேர்மோ டெல் டோரோவின் பினோக்கியோவும் விருதை வென்றன.