'நைவ்ஸ் அவுட்' திரைப்படத்தின் நிறைகளும் குறைகளும்

முன்னுரை

ஒரு பெரிய வீடு. அங்கே ஒரு மரணம். அதனால் பயனடையக்கூடிய உறவினர் பலர். இறுதியில் அனைவர் முன்னிலையிலும் உண்மையை விளக்கும் துப்பறிவாளர். அகதா கிறிஸ்டியின் புதினங்களால் உலகெங்கும் பரவிய இவ்வமைப்பைப் புதுப்பித்த படங்களுள், ரையன் ஜான்சன் எழுதி இயக்கி 2019இல் வெளிவந்த 'நைவ்ஸ் அவுட்' குறிப்பிடத்தக்கது. 2020ஆம் ஆண்டு ஆஸ்கார் விருதின் அசல் திரைக்கதைப் பிரிவுக்கு இப்படம் பரிந்துரைக்கப்பட்டது. இதன் நிறைகுறைகளைக் கதைமுடிவையும் உள்ளடக்கி இங்கு ஆராய்வோம்.

கதைச்சுருக்கம்

மர்மக்கதைகள் எழுதிச் செல்வம் ஈட்டிய ஹார்லன் துரோம்பி, தமது 85ஆவது பிறந்தநாள் விருந்து முடிந்த இரவில் கழுத்தறுபட்டு இறக்கிறார். தற்கொலையாகவே தோன்றும் இம்மரணத்தைத் துப்பறிவாளர் பெனுவா பிளாங்க் ஆராய்கிறார். சொத்து முழுவதும் தாதி மார்த்தா கப்ரேராவுக்கே எழுதப்பட்டுள்ளது என்பது தெரியவந்ததும் குடும்பமே அவருக்கு எதிராகத் திரும்புகிறது.

நிறைகள்

முதலாவது நிறை, வினாவை இடம் மாற்றிய உத்தியாகும். மருந்துகளை மாற்றி அளவு கடந்த மார்பினைச் செலுத்திவிட்டதாக மார்த்தா அஞ்சுவதையும், அவரைக் காக்கவே ஹார்லன் தம் கழுத்தை அறுத்துக்கொண்டதையும் படத்தின் முற்பகுதியிலேயே நாம் அறிந்துவிடுகிறோம். கொலையாளி யார் என்னும் வினா பின்தள்ளப்பட்டு, இவர் தப்புவாரா என்னும் கவலை நம்மைப் பற்றுகிறது. குப்பிகளின் மருந்தை மாற்றியவர் பேரன் ரான்சமே என்பதும், மார்த்தாவின் தேர்ந்த கை தன்னையறியாமல் சரியான மருந்தையே செலுத்தியது என்பதும் இறுதியில் வெளிப்படுகின்றன.

இரண்டாவது, தடயங்களை நேர்மையாக நம் கண்முன் வைத்தலாகும். இரவில் கொடிச்சட்டத்தைப் பற்றி இறங்கும் மார்த்தாவை ஹார்லனின் முதிய தாயார் ரான்சம் என்று எண்ணி, மறுபடியும் வந்துவிட்டாயா என்று வினவுகிறார். ரான்சம் முன்பே அங்கு வந்திருந்தார் என்பதற்கு இதுவே தடயம். எவரும் பொருட்படுத்தாத மூதாட்டியிடமே உண்மை இருந்தது.

மூன்றாவது, சமூக அங்கதம். மார்த்தாவைக் குடும்பத்தில் ஒருவர் என்று புகழும் உறவினர்கள், அவரை இறுதிச்சடங்குக்கு அழைக்கவில்லை. குடியேறிகளைப் பற்றிய விவாதத்தின் நடுவே அவரை அழைத்துப் பாராட்டும் மருமகன், பேச்சோடு பேச்சாகத் தம் வெறுந்தட்டை அவர் கையில் கொடுக்கிறார். நீண்ட வசனம் உணர்த்த இயலாததை இச்சிறு செயல் உணர்த்திவிடுகிறது.

குறைகள்

முதல் நிறையே முதல் குறைக்கும் காரணமாகிறது. மார்த்தாவின் இரகசியம் வெளிப்பட்டபின், மற்றவர்மீது ஐயம் கொள்ள நமக்குக் காரணம் இல்லை. ஜோனியின் பண மோசடி, வால்ட்டின் பதவியிழப்பு ஆகியவை தொடக்கத்தில் விரிவாகக் காட்டப்பட்டும் பிற்பகுதியில் பயனற்றுப் போகின்றன. ஜேமி லீ கர்ட்டிஸ், டோனி கொலெட் போன்ற தேர்ந்த கலைஞர்கள் கேலிச்சித்திரங்களாகச் சுருங்கிவிடுகின்றனர்.

அடுத்து, பொய் சொன்னால் வாந்தி எடுக்கும் மார்த்தாவின் இயல்பு. நகைச்சுவைக்கும் உச்சக்கட்டத்திற்கும் இது உதவுகிறது. ஆயினும் வாய்மை என்பது ஒருவர் தேர்ந்தெடுக்கும் அறமாக அன்றி உடற்கூற்றின் கட்டாயமாகத் தாழ்ந்துவிடுகிறது.

மூன்றாவது குறையே ஆழமானது. மார்த்தாவின் தாயகத்தை உறவினர்கள் ஆளுக்கொரு நாடாகச் சொல்வதைப் படம் எள்ளி நகையாடுகிறது. ஆனால் அது எந்த நாடு என்பதைப் படமும் நமக்குத் தெளிவுபடுத்தவில்லை. அவருடைய விருப்பு வெறுப்புகளும் நினைவுகளும் பெரிதும் பேசப்படவில்லை. குடும்பத்தின் அலட்சியத்தைச் சாடும் படைப்பே அவ்வலட்சியத்தில் ஓரளவு பங்கு கொள்கிறது.

முடிவுரை

இறுதிக் காட்சியில் ஹார்லனின் காப்பிக் குவளையுடன் மார்த்தா மாடத்தில் நிற்க, உறவினர்கள் கீழிருந்து அண்ணாந்து பார்க்கின்றனர். வீட்டின் உரிமை கைமாறியதை இக்காட்சி நிறைவாக உணர்த்துகிறது. எனினும் அவ்வீட்டுக்கு உரியவரான பெண்ணை நாம் இன்னும் முழுமையாக அறிந்திலோம். குற்றவாளி யார் என்பதைத் திறம்படக் காட்டிய இப்படம், குற்றமற்றவர் யார் என்பதையும் அதே அக்கறையுடன் காட்டியிருப்பின் மேலும் சிறந்திருக்கும் எனலாம்.