புதிய மிதிவண்டி

மாந்தர் படைத்த ஊர்திகள் பல. அவற்றுள் எரிபொருளும் தீனியும் வேண்டாது, ஏறிச் செல்வோரின் கால் வலிமையையே தன் ஆற்றலாகக் கொண்டு இயங்குவது மிதிவண்டி. நடந்து செல்வோன் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கடப்பான். அவனே மிதிவண்டியில் ஏறினால், நடப்பதற்குரிய உழைப்பைக் கொண்டே 15 கிலோமீட்டர் கடந்துவிடுவான். எளியவரும் வாங்கிப் பேணத்தக்க இவ்வூர்தி, சிற்றூர்களில் வாழும் மாணவர்க்குப் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே அமைந்த பாலமாகவே விளங்குகின்றது.

இவ்வண்டி ஒரு நாளில் தோன்றியதன்று. ஜெர்மனி நாட்டு மன்ஹைம் நகரில் 1817-ஆம் ஆண்டில் கார்ல் வான் டிரைஸ் என்பார் இரண்டு மரச் சக்கரங்களை ஒன்றன் பின் ஒன்றாகப் பூட்டி ஒரு வண்டி செய்தார். அதற்கு மிதி இல்லை. ஏறியவர் தம் கால்களால் நிலத்தை உந்தியே செல்லவேண்டும். 1860-களில் பாரிசு நகரத்தார் முன் சக்கரத்தில் மிதிகளை அமைத்தனர். 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுக் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார், மிதியின் சுழற்சியைச் சங்கிலி வழியே பின் சக்கரத்திற்குச் செலுத்தும் வண்டியை வெளியிட்டார். இன்று நாம் காணும் மிதிவண்டிக்கு அதுவே முன்மாதிரி. 1888-ஆம் ஆண்டில் பெல்பாஸ்டு நகரில் வாழ்ந்த டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனது முச்சக்கர வண்டி அதிராது ஓடும்பொருட்டுக் காற்றடைத்த டயரை அமைத்துத் தந்தார். அதன் பின்னரே மிதிவண்டிப் பயணம் உடம்புக்கு இதமாயிற்று.

தமிழ்நாட்டில் மேனிலைப் பள்ளி இல்லாத ஊர்கள் பல. பத்தாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளைகள், பள்ளி தொலைவில் இருந்த ஒரே காரணத்தால் படிப்பை நிறுத்திய நிலை முன்பு மிகுதியாக இருந்தது. 2001-2002-ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வகுப்பு மாணவியர்க்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது; பின்னர் 2005-2006-ஆம் கல்வியாண்டில் அத்திட்டம் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் மேனிலை மாணவர் பிறர்க்கும் விரிவாக்கப் பெற்றது. இவ்வாறு கிடைத்த வண்டி இரண்டு ஆண்டுகள் ஓடினால் ஒரு பிள்ளையின் மேனிலைக் கல்வி நிறைவுறும். ஆறு திங்களில் பழுதுற்றுத் திண்ணையோரம் சாய்ந்துவிட்டாலோ, பள்ளி மீண்டும் தொலைவாகிவிடும். ஆதலின், புதிய வண்டியைப் பெற்ற முதல் நாளிலும் முதல் திங்களிலும் செய்யவேண்டுவனவற்றை அறிந்து செய்தல் இன்றியமையாதது.

புதியது என்பதனாலேயே ஒரு வண்டி செவ்வையாக இருக்கும் என்று கருதுதல் பிழை. வண்டிகள் ஆலையிலிருந்து பகுதி பகுதியாகக் கட்டப்பட்டு வந்து, விற்கும் இடத்திலோ வழங்கும் இடத்திலோ பூட்டப்படுகின்றன. விரைந்து பூட்டும்போது ஒரு மரை தளர்ந்திருத்தல் கூடும். எனவே ஏறுவதற்கு முன் ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்த்தல் வேண்டும். முன் சக்கரத்தை இரு முழங்கால்களுக்கிடையே இறுகப் பற்றிக்கொண்டு கைப்பிடியைத் திருப்புக. சக்கரம் அசையாதிருக்கக் கைப்பிடி மட்டும் திரும்புமாயின், அதன் நடுத் திருகை முடுக்குதல் வேண்டும். சக்கரங்களின் அச்சு மரைகளையும், இருக்கையின் திருகையும் அவ்வாறே சோதித்தல் வேண்டும். மிதிகளைப் பொறுத்தவரை ஒரு நுட்பம் உண்டு. வலப்புற மிதி, ஏனைய திருகுகளைப் போல வலமாகச் சுற்றினால் இறுகும். இடப்புற மிதியோ இடமாகச் சுற்றினால்தான் இறுகும். மிதிக்கும்போது ஏற்படும் சுழற்சியால் மிதி தானே கழன்றுவிடாதபடி புரியை இவ்வாறு மாற்றி வெட்டியுள்ளனர். இதனை அறியாது வலிந்து திருகிப் புரியை அழித்தோர் பலர்.

அடுத்து நோக்கத்தக்கது இருக்கையின் உயரம். இருக்கையில் அமர்ந்து, மிதியைக் கீழ் எல்லைக்குக் கொணர்ந்து, அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளவேண்டும். பின்னர் விரல்களை அடுத்துள்ள முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதே மடிந்திருக்கும். இதுவே தக்க உயரம். இருக்கை மிகத் தாழ்ந்திருப்பின் முழங்கால் நோகும். மிக உயர்ந்திருப்பின் இடுப்பு இருபுறமும் ஆடும். ஆயினும் ஓட்டப் பழகுவோர் இரு பாதங்களும் நிலத்தில் படியும்படி சில நாள் தாழ்த்தி வைத்துக்கொள்ளலாம். இருக்கையைத் தாங்கும் தண்டில் ஓர் எல்லைக்கோடு பொறித்திருக்கும். அக்கோடு வெளியே தெரியும் அளவுக்குத் தண்டை உயர்த்துதல் கூடாது. உயர்த்தினால் தண்டு முறிதல் கூடும்.

வண்டி ஓடுவதற்கு உரிய உறுப்புகளினும், அது நிற்பதற்கு உரிய உறுப்பே முதன்மையானது. அதுவே பிரேக்கு எனப்படும் தடுப்பு. வண்டியை உருட்டிக்கொண்டே முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பார்த்தல் வேண்டும். எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்தை நிறுத்துகின்றது என்பதையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும். பிரேக்குக் கட்டைகள் சக்கர வளையத்தில் முழுதும் படியவேண்டும். டயரில் உராய்ந்தால் டயர் கிழியும். வண்டியை நிறுத்தும்போது உடலின் எடை முன் சக்கரத்தின்மேல் சாய்கின்றது. பின் சக்கரத்தின்மேல் எடை குறைகின்றது. பின் பிரேக்கு மட்டும் பிடித்தால் சக்கரம் வழுக்கிக்கொண்டு செல்வதும், முன் பிரேக்கு மட்டும் திடீரெனப் பிடித்தால் ஏறியவர் தலைகுப்புற வீழ்வதும் இதனாலேயே. ஆகவே இரண்டையும் ஒருங்கே, படிப்படியாக அழுத்துதலே முறை. விரைவு இரட்டித்தால் நிறுத்துவதற்கு வேண்டும் தொலைவு நான்கு மடங்காகும். மழையில் வளையம் நனைந்திருக்கும்போது அத்தொலைவு இன்னும் மிகும். இதனை நினைவிற்கொண்டு, மழைக்காலத்தில் மெல்லச் செல்லுதலும் முன்னதாகவே பிரேக்கு பிடித்தலும் அறிவுடைமை.

டயரில் அடைக்கவேண்டிய காற்றின் அளவு அதன் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். காற்றுக் குறைந்தால் மிதிப்பது கடினமாகும். அன்றியும், கல்லின்மேல் ஏறும்போது உள்ளிருக்கும் ட்யூப் கல்லுக்கும் வளையத்துக்கும் இடையே நசுங்கித் துளைபடும். நல்ல ட்யூபிலிருந்தும் காற்று நாள்தோறும் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டே இருக்கும். எனவே வாரம் ஒருமுறை காற்றைப் பார்த்து அடைத்தல் வேண்டும். சங்கிலிக்கு அளவாக எண்ணெய் இடுதல் வேண்டும். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு துளி இட்டு, வெளியே வழிவதைத் துணியால் துடைத்துவிடவேண்டும். துடைக்காமல் விட்டால் எண்ணெய் புழுதியை ஈர்த்துச் சங்கிலியை அரிக்கும் சாந்தாகிவிடும். பிரேக்குக் கட்டைகளிலும் சக்கர வளையத்திலும் ஒரு துளி எண்ணெயும் படுதல் ஆகாது.

ஓட்டப் பழகும் முறையையும் இங்கே கூறுதல் பொருந்தும். ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ள, மற்றவர் அஞ்சி அஞ்சி மிதிப்பதே பலரும் கையாளும் வழி. அதனினும் எளிய வழி ஒன்று உண்டு. மிதிகள் இரண்டையும் கழற்றிவிட்டு, இருக்கையைத் தாழ்த்தி, 1817-ஆம் ஆண்டு வண்டியைப் போலவே காலால் நிலத்தை உந்திச் செல்லுதல் வேண்டும். சிறிது சரிவான, மணல் இல்லாத திடலே இதற்கு ஏற்ற இடம். வண்டி எப்பக்கம் சாய்கின்றதோ அப்பக்கமே கைப்பிடியைச் சிறிது திருப்பினால் அது நிமிரும். இவ்வுண்மை உடம்பில் பதிந்த பின் மிதிகளைப் பூட்டி மிதிக்கத் தொடங்கலாம். கண் முன் சக்கரத்தை நோக்காது, பத்துப் பதினைந்து அடி தொலைவில் வழியை நோக்குதல் வேண்டும்.

இனி, வண்டியுடன் சேர்த்து வாங்கத்தக்க துணைப்பொருள்களை ஆராய்வோம். கடையில் கண்ணைக் கவரும் பொருள்கள் பல தொங்கும். குஞ்சங்களும், வண்ண மணிகளும், சக்கரத்தில் செருகும் பூக்களும் வண்டிக்கு அழகு தரலாம்; பயன் தாரா. கையிலுள்ள பணம் சிறிதாயின், எதனை முதலில் வாங்குவது என்னும் ஆராய்ச்சி வேண்டும். உயிரைக் காப்பது முதலாவது. வண்டியைக் காப்பது இரண்டாவது. வசதி தருவது மூன்றாவது. அழகு இறுதியில் நிற்பது.

உயிரைக் காப்பனவற்றுள் மணியும் விளக்கும் முதன்மையானவை. மணி, கையை எடுக்காமலே கட்டைவிரலால் ஒலிக்குமாறு கைப்பிடியில் அமைதல் வேண்டும். விளக்கு இருவகைத்து. டயரின் பக்கத்தில் உராய்ந்து சுழலும் டைனமோ மின்சாரம் தரும் விளக்கு ஒன்று. அதற்கு மின்கலம் வேண்டா; ஆனால் வண்டி நின்றால் விளக்கும் அணைந்துவிடும்; மிதிப்பதும் சிறிது கடினமாகும். மின்கலத்தால் எரியும் சிறு விளக்கு மற்றொன்று. அது வண்டி நின்றாலும் எரியும். ஆயின் மின்கலம் தீராதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். முன்னே வெள்ளொளியும் பின்னே செவ்வொளியும் இருத்தல் வேண்டும். பின் மட்கார்டில் பதிக்கும் சிவப்பு ஒளிதிருப்பிக்குச் செலவு சிறிது, பயன் பெரிது. இருளில் பின்னே வரும் லாரியின் வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பி, முன்னே ஓர் உயிர் செல்கின்றது என்று அறிவிக்கும். வழியைக் காண்பதற்கு மட்டுமன்று, பிறர் தன்னைக் காண்பதற்கும் விளக்கு வேண்டும் என்பதை மறத்தல் கூடாது. நெடுஞ்சாலை வழியே செல்வோர் தலைக்கவசமும் அணிதல் நன்று.

பெண் பிள்ளைகள் வண்டியில் சங்கிலிக்கு முழு மூடியும், பின் சக்கரத்தின் பக்கங்களில் வலையும் இருத்தல் வேண்டும். தாவணியோ துப்பட்டாவோ சக்கரக் கம்பிகளில் சிக்கினால் கணப்பொழுதில் இழுத்து வீழ்த்திவிடும். ஏறுமுன் ஆடையின் நுனியைச் செருகிக்கொள்ளும் பழக்கம் எந்த மூடியினும் சிறந்த காப்பாகும்.

வண்டியைக் காப்பது பூட்டு. பின் சக்கரத்தில் பொருத்திய வளையப் பூட்டு சக்கரம் சுழலாதபடி தடுக்குமேயன்றி, வண்டியைத் தூக்கிச் செல்வாரைத் தடுக்காது. ஆதலின் சட்டத்தையும் சக்கரத்தையும் ஒரு தூணோடு சேர்த்துப் பிணைக்கும் சங்கிலிப் பூட்டும் வேண்டும். புத்தகப் பையைக் கைப்பிடியில் தொங்கவிடுதல் தீது. அது திரும்பும் போதெல்லாம் ஊசலாடி வண்டியைத் தன் பக்கம் இழுக்கும். பின்னேயுள்ள காரியரில் நடுவாக வைத்துக் கட்டுவதே நன்று. கட்டிய கயிற்றின் நுனி தொங்காதபடி முடிந்துவிடவேண்டும்.

காற்றடிக்கும் பம்பும், துளை ஒட்டும் ரப்பர்த் துண்டுகளும், பசையும், ஒரு திருகுச் சாவியும் உடையவன் வழியில் தவிக்கமாட்டான். கிராமத்துப் பாதைகளில் சீமைக்கருவேல முள்ளுக்குத் தப்பிய டயர் அரிது. ட்யூபை வெளியே எடுத்துக் காற்றடைத்து நீரில் அமிழ்த்தினால், துளையுள்ள இடத்தில் குமிழி எழும். அவ்விடத்தை உலர்த்தி, தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பசை தடவி, அது சற்றே காய்ந்த பின் துண்டை ஒட்டி அழுத்தவேண்டும். அதற்குமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவி முள்ளைக் கண்டு அகற்றுதல் வேண்டும். முள்ளை அகற்றாது ட்யூபை ஒட்டியவன், நூறு அடி செல்லுமுன் மீண்டும் இறங்கவேண்டி வரும்.

முதல் திங்கள் முடிந்ததும் வண்டியை மறுபடியும் முழுதும் சோதித்தல் வேண்டும். புதிய பிரேக்குக் கம்பிகள் சிறிது நீளும், சக்கரக் கம்பிகள் தளரும், மரைகள் நெகிழும். அப்போது ஒரு மணி நேரம் செலவிட்டுச் சீர்செய்தால் பின்னர்ப் பல நாள் துன்பம் இராது.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு பரப்பியபோது, சிற்றூர்ப் பெண்கள் பல்லாயிரவர் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். கல் உடைப்போரும், வயலில் உழைப்போரும், செவிலியரும் அவர்களுள் இருந்தனர். நகைத்தோரும் பழித்தோரும் இருக்கவே, அவர்கள் கற்றார்கள். சந்தைக்கும் மருத்துவமனைக்கும் பிறர் துணையை எதிர்நோக்காது செல்லும் உரிமையை அவ்விரு சக்கரங்கள் அவர்கட்கு அளித்தன.

அவ்வுரிமை வண்டியைப் பெற்ற அளவிலே கிட்டுவதன்று. அதனைப் பேணுவதனாலேயே நிலைப்பது. மரையை முடுக்குவதும், காற்றைப் பார்ப்பதும், ஒரு துளி எண்ணெய் இடுவதும் சிறு செயல்களே. அச்சிறு செயல்களைச் செய்யும் மாணவனுக்கும் மாணவிக்கும், காலையில் பள்ளி மணி ஒலிக்கும்போது தொலைவு ஒரு தடையாக நில்லாது.