அரக்கர்களை எதிர்கொள்ளும் சிறுமி

முழுநீளக் கதை ஒன்றைச் சித்திரக் கட்டங்களாலும் உரையாடல்களாலும் சொல்லும் நூல்வகையே கிராஃபிக் நாவல். அவ்வகையில், அமெரிக்க எழுத்தாளர் ஜோ கெல்லியும் ஸ்பெயினில் பிறந்த ஓவியர் கென் நீமுராவும் உருவாக்க, 2008-09இல் இமேஜ் காமிக்ஸ் 7 இதழ்களாக வெளியிட்ட 'ஐ கில் ஜெயண்ட்ஸ்', குழந்தைப் பருவ அச்சத்தை ஆராயும் படைப்புகளுள் குறிப்பிடத்தக்கது.

ஐந்தாம் வகுப்பு மாணவியான பார்பரா, ஊரை அழிக்க வரும் அரக்கர்களைக் கொல்வதே தன் கடமை என்று நம்பி, தன் சிறு கைப்பைக்குள் 'கோவலெஸ்கி' என்னும் மாயச் சம்மட்டி உறங்குவதாகச் சொல்லித் திரிகிறாள். 1908இல் நியூயார்க் ஜெயண்ட்ஸ் பேஸ்பால் அணியை ஐந்தே நாள்களில் மூன்று முறை தோற்கடித்த பந்துவீச்சாளர் ஹாரி கோவலெஸ்கியின் பெயர் அது. அவள் ஏறிச்செல்ல அஞ்சும் மாடியறையில் தாய் மரணப்படுக்கையில் இருப்பது பிற்பகுதியில்தான் வெளிப்படுகிறது.

எதிர்கொள்ள முடியாத துயரை, அடித்து வீழ்த்தக்கூடிய பகைவனாக மாற்றிக்கொள்ளும் குழந்தை மனத்தின் போக்கையே இக்கதை காட்டுகிறது. அரக்கர்கள் மெய்யா கற்பனையா என்பதை ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்வதில்லை. நீமுராவும் வகுப்பறையையும் அரக்கனையும் ஒரே கறுப்பு வெள்ளைக் கோட்டில் வரைவதால், வாசகர் பார்பராவின் கண்வழியாகவே அவள் உலகைக் காண நேர்கிறது. இறுதியில் பேரரக்கனை வென்றும் தாயின் மரணத்தைத் தடுக்க இயலாது என்று உணர்ந்து, அவள் அந்த அறைக்குள் செல்லத் துணிவதே உண்மையான முதிர்ச்சியாகிறது.

ஜப்பானின் சர்வதேச மங்கா விருதில் தங்கப் பரிசு பெற்ற இந்நூல், 2017இல் திரைப்படமாகவும் வெளிவந்தது.