ஆய்வகம் முதல் தெருமுனை வரை: இதயம் காக்கும் ஓர் அறக்கட்டளை

1960களில் பிரிட்டனில் மாரடைப்பு வந்த பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இன்று நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. பத்தில் ஏழு பேராவது பிழைத்துவிடுகிறார்கள். ஆனால், அதே நாட்டில் வீட்டிலோ தெருவிலோ இதயத்துடிப்பே நின்று விழுபவர்களில் பிழைப்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. முதல் மாற்றத்துக்குத் துணைநின்று, இரண்டாவது நிலைமையை மாற்றப் போராடிவரும் அமைப்பு ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன்’.

பணம் எங்கிருந்து வருகிறது?

மருத்துவர்கள் சிலர் சேர்ந்து 1961இல் தொடங்கிய அறக்கட்டளை இது. இதய ஆராய்ச்சிக்காக ஆண்டுக்குச் சுமார் 10 கோடி பவுண்டு வழங்குகிறது. இதன் வருமானத்தில் கணிசமான பங்கு, மக்கள் உயிலில் எழுதிவைத்துவிட்டுப் போகும் சொத்துகளிலிருந்து வருகிறது. நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான கடைகளையும் நடத்துகிறது. வீட்டைக் காலி செய்பவர்கள் பழைய சோபா, கட்டில், அலமாரி இருப்பதாகத் தகவல் சொன்னால் போதும், வண்டி வந்து கட்டணமில்லாமல் எடுத்துச்செல்லும். அதை விற்றுக் கிடைக்கும் லாபம் ஆராய்ச்சிக்குப் போகிறது.

ரத்தக்கட்டி காரணமா, விளைவா?

மாரடைப்பில் இறந்தவர்களின் இதயத் தமனியில் ரத்தக்கட்டி காணப்படுவது முன்பே தெரிந்த விஷயம். அந்தக் கட்டியால்தான் மாரடைப்பு வருகிறதா, மாரடைப்பு வந்த பிறகு கட்டி உருவாகிறதா என்பதில் 1970களில்கூட மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு நிலவியது. இந்த அறக்கட்டளையின் நிதியில் பணியாற்றிய பேராசிரியர் மைக்கேல் டேவிஸ், கட்டிதான் காரணம் என்பதை நிறுவினார்.

காரணம் தெளிவானதும் சிகிச்சைக்கு வழி பிறந்தது. அறக்கட்டளையும் நிதியுதவி செய்த ‘ஐசிஸ்-2’ ஆய்வின் முடிவு 1988இல் வெளியானது. 17,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் அதில் பங்கேற்றார்கள். சாதாரண ஆஸ்பிரினையும், கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, முதல் ஐந்து வார இறப்புகள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தன. நெஞ்சுவலி என்று வருபவருக்கு மருத்துவர்கள் உடனே ஆஸ்பிரின் கொடுப்பதற்குப் பின்னால் இந்த ஆய்வு இருக்கிறது.

அறக்கட்டளையின் அடுத்த இலக்கு பரம்பரையாக வரும் இதயத்தசை நோய்கள். அவற்றை மரபணு அளவிலேயே சரிசெய்யும் முயற்சியில் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஹியூ வாட்கின்ஸ் தலைமையிலான ‘க்யூர்ஹார்ட்’ குழு இறங்கியிருக்கிறது. இந்தக் குழுவுக்கு 2022இல் 3 கோடி பவுண்டு அறிவிக்கப்பட்டது.

ஆம்புலன்ஸ் வரும்வரை...

மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் ஏற்படும் அடைப்பு. அப்போது பெரும்பாலும் நினைவு இருக்கும். மருத்துவமனைக்குப் போக அவகாசமும் கிடைக்கும். ‘கார்டியாக் அரெஸ்ட்’ அப்படியல்ல. இதயம் ரத்தத்தை அனுப்புவதையே நிறுத்திவிடுகிறது. நொடிகளில் நினைவு தப்பிவிடும். மார்பை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தொடரச்செய்யும் ‘சிபிஆர்’ முதலுதவியும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பைச் சுமார் 10 சதவீதம் குறைக்கிறது. ஆம்புலன்ஸ் வரும்வரை உயிர் அருகில் நிற்பவரின் கையில்தான்.

அதனால்தான் சிபிஆர் பயிற்சியைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்கிறது அறக்கட்டளை. 2022இல் அறிமுகமான ‘ரிவைவர்’ பயிற்சிக்குத் தேவை ஒரு கைபேசி, ஒரு தலையணை, 15 நிமிடம். மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையைக் கோத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். தலையணையை அழுத்திப் பழகும்போதே, வேகம் சரிதானா என்று கைபேசி சொல்லிவிடுகிறது. இங்கிலாந்துப் பள்ளிகளில் சிபிஆர் கற்பிக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் குரல் கொடுத்ததில் இந்த அறக்கட்டளைக்கு முக்கியப் பங்குண்டு. 2020 முதல் சிபிஆர் உயர்நிலைப் பள்ளிப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது.

மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர் கருவிகள் கடைவாசல்களிலும் ரயில் நிலையங்களிலும் மாட்டப்பட்டிருக்கின்றன. ஆனால், எங்கே இருக்கிறது என்று தெரியாத கருவியால் யாருக்கும் பயனில்லை. அதற்காக உருவானதுதான் ‘தி சர்க்யூட்’ என்ற தேசியப் பதிவேடு. அவசர உதவி எண்ணான 999ஐ அழைத்தால், அருகில் பதிவாகியுள்ள கருவி எங்கே இருக்கிறது என்பதைக் கட்டுப்பாட்டு அறை ஊழியரே சொல்லிவிட முடியும்.

நமக்கு என்ன தொடர்பு?

பிரிட்டனில் வாழும் தெற்காசியர்களுக்கு இதயத் தமனி நோயும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் வரும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். லண்டனின் ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களும் இதில் அடக்கம். அவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் சரியான காலத்தில் பரிசோதித்துக்கொள்வதோடு சிபிஆரையும் கற்றுக்கொள்ள வேண்டும். மருத்துவமனைக்கு வெளியே இதயத்துடிப்பு நிற்பது பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கிறது. அங்கே காப்பாற்றப்பட வேண்டியவர் நம் அப்பாவாகவோ வாழ்க்கைத் துணையாகவோ இருக்கக்கூடும். அறுபது ஆண்டுக்கால ஆராய்ச்சியின் பலன் அவர்களுக்குக் கிடைக்க வேண்டுமானால், முதலில் வீட்டில் இருப்பவர் கைவைத்து அழுத்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.