ட்ரோனும் குளவியும் எந்தத் துறை?

பத்தாம் வகுப்புப் பொருளியலில் முதன்மைத் துறை, இரண்டாம் துறை, மூன்றாம் துறை என்று கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு, எடுத்துக்காட்டுகளை மாணவர்களையே சொல்லச் சொன்னால் பாடம் வேகமாக நகரும். எங்கள் தம்மம்பட்டிப் பகுதியில் எடுத்துக்காட்டுக்குப் பஞ்சமில்லை. மரவள்ளி முதல் கட்டம், சேகோ ஆலை இரண்டாவது, லாரி ஓட்டும் அப்பா மூன்றாவது. இப்படிப் போய்க்கொண்டிருந்த வகுப்பில் ஒரு மாணவி, "ட்ரோன் எதுல வரும் சார்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன்பே வகுப்பு மூன்றாகப் பிரிந்துவிட்டது. மெஷின், அதனால் இரண்டாவது என்றது ஒரு பெஞ்சு. மருந்து அடிக்கிறது, விவசாயம்தான் என்றது இன்னொன்று. வாடகைக்கு விடுகிறார்கள், சேவை என்றது மூன்றாவது.

மூன்று பதில்களிலும் உண்மை இருக்கிறது. சிக்கல் கேள்வியில் இருக்கிறது. துறை என்பது ஒரு நிறுவனமோ குடும்பமோ செய்யும் வேலைக்கு வைக்கும் பெயர். ட்ரோன் ஒரு கருவி. கருவிக்குத் துறை கிடையாது. அதைச் செய்கிறவருக்கும், வைத்துப் பிழைக்கிறவருக்கும், அதனால் பயன்பெறுகிறவருக்கும்தான் உண்டு. புதிய தொழில்நுட்பத்தால் பொருளாதாரத்துக்கு என்ன ஆயிற்று என்று கணக்கிடுகிறவர்கள் முதலில் பிரித்துக்கொள்வது இதைத்தான்.

மூன்று கட்டப் பிரிவு 1935-இல் ஆலன் ஃபிஷரும் 1940-இல் காலின் கிளார்க்கும் எழுதிய நூல்களின் வழியாக நமக்கு வந்தது. ஒரு நாடு வளர வளர உழைப்பு எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று பார்க்க அது போதும். அரசின் புள்ளிவிவரத்துக்கு அது போதாது என்பதால்தான் தேசியத் தொழில் வகைப்பாடு வந்தது. இப்போது பரவலாகப் புழக்கத்தில் இருப்பது 2008-ஆம் ஆண்டுப் பதிப்பு. ஐக்கிய நாடுகள் அவையின் பன்னாட்டு வகைப்பாட்டை ஒட்டி, எல்லாப் பொருளாதார நடவடிக்கைகளையும் 21 பிரிவுகளாக்கி, உள்ளே ஐந்து இலக்க எண் வரை இறங்குகிறது. சிறுதொழில் செய்வோர் 2020 ஜூலை முதல் செய்துவரும் உத்யம் பதிவில் கேட்கப்படுவது இந்த எண்தான். பட்டறை வைத்திருக்கும் பெற்றோர் பலரின் பதிவுச் சான்றிதழில் இது இருக்கும்.

நம் சேலம், நாமக்கல் பகுதியை இந்த எண்களில் பார்த்தால் சுவையாக இருக்கும். மரவள்ளிச் சாகுபடி 0113. கிழங்கை அரைத்து ஸ்டார்ச்சும் ஜவ்வரிசியும் எடுப்பது 1062. நாமக்கல் கோழிப்பண்ணை 0146. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை 2920. அதே லாரியில் சரக்கு ஏற்றிப் போவது 4923. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் தயாரித்தால் 2824, அதாவது இயந்திர உற்பத்தி. அந்த ரிக்கை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் துளை போட்டால் 4220, அதாவது கட்டுமானம். தண்ணீருக்காகத் துளை போடுவது கட்டுமானத்தில் வருகிறது என்றால் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். ரிக் ஒன்றுதான், அது யார் கையில் என்ன வேலை செய்கிறது என்பதற்கேற்ப எண் மாறுகிறது.

ட்ரோனும் அப்படித்தான். தயாரிக்கும் நிறுவனம் 3030, விமானங்களோடு சேர்ந்துவிடும். கூலிக்கு மருந்து தெளித்துக் கொடுக்கும் குழு 0161, வேளாண்மைக்குத் துணைப்பணி. வான்வழி மருந்து தெளிப்பும் இதில் அடங்கும். கல்யாணத்தைப் படம் பிடித்தால் 7420. நிலம் அளந்தால் 7110. 2023 நவம்பரில் ஒன்றிய அரசு 1,261 கோடி ரூபாயில், 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன் விளைவை அளக்க 3030-ஐ மட்டும் பார்த்தால் எத்தனை ட்ரோன் விற்றது என்பது மட்டுமே தெரியும். அந்தப் பெண்களின் வருமானம் 0161-இல் இருக்கிறது. விளைச்சல் கூடியதா என்பது 0113-இல் இருக்கிறது.

செய்பவர், பயன்படுத்துபவர் என்ற பிரிவைக் கனடா நாட்டுக் காப்புரிமை அலுவலகம் பெரிய அளவில் செய்து பார்த்தது. 1970-களிலிருந்து 1990-களின் நடுப்பகுதி வரை, ஒவ்வொரு காப்புரிமைக்கும் எந்தத் தொழில் அதைத் தயாரிக்கும், எந்தத் தொழில் அதைப் பயன்படுத்தும் என்று இரண்டு குறிப்புகளை எழுதிவைத்தார்கள். காப்புரிமை வகைப்பாடு தொழில்நுட்பத்தைப் பார்த்துச் செய்யப்படுவது. தொழில் வகைப்பாடு வேலையைப் பார்த்துச் செய்யப்படுவது. இரண்டுக்கும் நடுவே பாலம் போட ஆய்வாளர்களுக்கு இந்தக் குறிப்புகள் பெரிதும் உதவின.

பாலத்தின் எந்த முனையில் பயன் அதிகம்? பெரும்பாலும் பயன்படுத்துகிற முனையில், அதுவும் தாமதமாக. பொருளியல் வரலாற்றாளர் பால் டேவிட் 1990-இல் எழுதிய கட்டுரையில் மின்சாரத்தை எடுத்துக்காட்டினார். மின் நிலையங்கள் வந்து ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆன பிறகும், 1899-இல் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயக்குசக்தியில் மின்மோட்டாரின் பங்கு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. பாதியைத் தொட மேலும் 20 ஆண்டுகள் ஆயின. நீராவிக் காலத்து நீண்ட தண்டும் பெல்ட்டும் வைத்துக் கட்டிய ஆலையை மாற்றி, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்தபோதுதான் பலன் தெரிந்தது.

இப்போது குளவிக்கு வருகிறேன். ட்ரோனைவிட இதுவே நல்ல பாடம் என்பது என் எண்ணம்.

மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, நம் பக்கத்து மாவட்டங்களுக்கும் பரவியது. குருத்து சுருண்டு செடி குட்டையாகிக் கிழங்கு இல்லாமல் போனதை நம் மாணவர்களின் வீடுகளில் பார்த்திருப்பார்கள். இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் புகுந்து, கோடிக்கணக்கானோரின் அன்றாட உணவையே அசைத்தது. தென் அமெரிக்காவில் இந்தப் பூச்சியை இயற்கையாகவே அழிக்கும் அனகைரஸ் லோபேசி என்ற சிறு குளவியைக் கண்டுபிடித்து, 1981 முதல் ஆப்பிரிக்க வயல்களில் விட்டார்கள். அந்தப் பணியை நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே குளவியை பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் 2021-இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தது. 2022 மார்ச்சில் நம் மாவட்டத்து ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விட்டார்கள். குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பொரிக்கும் புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று, கூடாக்கிவிட்டு வெளியே வரும். பிறகு அடுத்த பூச்சியைத் தேடிப் போகும். யாரும் பேட்டரி மாற்ற வேண்டியதில்லை.

இது எந்தத் துறை? செய்தவர் ஆராய்ச்சி நிறுவனம்: 72. விற்பனை என்று சொல்ல ஏதும் இல்லை. பயன் 0113-இல் உழவருக்கும், கிழங்கு தடையின்றி வந்தால் 1062-இல் சேகோ ஆலைக்கும், லாரிக்கும், ஆலையில் கிழங்கு தோல் சீவும் பெண்களின் கூலிக்கும் போகிறது. பூச்சிமருந்துக் கடைக்கு விற்பனை குறையலாம். செய்தவரின் வருமானத்தை வைத்து மதிப்பிட்டால் இந்தத் தொழில்நுட்பத்தின் மதிப்பு சுழியம்! ஒரு துறையில் ஏற்படும் மாற்றம் மற்றவற்றுக்கு எப்படிக் கடத்தப்படுகிறது என்று பார்க்க வாசிலி லியோன்டீஃப் 1936-இல் உள்ளீடு–வெளியீடு அட்டவணையை வெளியிட்டார். 1973-இல் நோபல் பரிசு பெற்றார். யார் யாரிடமிருந்து எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதைக் கட்டம் கட்டமாக எழுதுவதுதான் அது. கிழங்கு, ஆலை, லாரி என்று மூன்று வரிசை, மூன்று நிரல் போட்டால் பத்தாம் வகுப்புக்கே புரியும்.

மொத்த மதிப்புக் கூடுதல் பாடத்தையும் இங்கேயே நடத்திவிடலாம். கணக்குக்காக ஓர் ஏக்கரின் விளைச்சல் 40,000 ரூபாய், விதைக்கரணை, உரம், மருந்துச் செலவு 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மதிப்புக் கூடுதல் 28,000. கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டி மருந்து அடித்தவருக்குக் கொடுத்த 1,000 ரூபாய் கூலியும் அதற்குள்தான் இருக்கிறது, கூலியைக் கழிப்பதில்லை. அடுத்த பருவம் அதே 1,000 ரூபாய்க்கு ட்ரோன் குழுவை அழைக்கிறார். விளைச்சலில் மாற்றமில்லை. இப்போது அந்த 1,000 வெளியிலிருந்து வாங்கிய சேவை, கழிக்க வேண்டும். உழவரின் கணக்கு 27,000. ட்ரோன் குழு மின்சாரம், உதிரிபாகம் என 300 ரூபாய் செலவிட்டால் அதன் கணக்கில் 700. இரண்டும் வேளாண்மைப் பிரிவில்தான் வருகின்றன, கூட்டினால் 27,700. மீதி 300 மின்சாரத்துக்கும் உற்பத்தித் துறைக்கும் நகர்ந்துவிட்டது. வேளாண்மையின் பங்கு குறைந்தது என்று அட்டவணை சொல்லும். தெளிப்பவருக்கு 1,000 ரூபாய் போயிற்று என்பதை அது தனியாகச் சொல்லாது. அவருடைய பிள்ளை நம் வகுப்பில் இருக்கலாம் என்பதால், இந்தக் கடைசி வரியை விடாமல் எழுதிப்போட வேண்டும்.

வகைப்பாட்டின் இன்னொரு வழக்கமும் நினைவில் இருக்கட்டும்: ஓர் ஆலை எத்தனை வேலை செய்தாலும், அதிக மதிப்பு எதில் வருகிறதோ அந்த எண்தான். கழிவுநீரிலிருந்து சாண எரிவாயு போல வாயு எடுத்து, தன் இயந்திரத்தையே ஓட்டும் சேகோ ஆலை வெறும் 1062-தான். அதன் பசுமைத் தொழில்நுட்பம் எரிசக்திக் கணக்கில் தலைகாட்டாது. ஐக்கிய நாடுகள் அவை 2023-இல் ஏற்ற ஐந்தாம் திருத்தத்தில் புதுப்பிக்கத்தக்க மின்உற்பத்திக்குத் தனி எண் கிடைத்திருக்கிறது; ஆனால் மின்சாரத்தை முக்கியத் தொழிலாகச் செய்பவருக்குத்தான்.

வகுப்பில் செய்ய விரும்புவோர் குழுவுக்கு ஒரு தொழில்நுட்பம் கொடுங்கள்: ட்ரோன், குளவி, சூரிய மோட்டார், செல்பேசிப் பணப்பரிமாற்றம். நான்கு நிரல் போதும். யார் செய்கிறார், யார் சேவையாக விற்கிறார், யார் பயன்படுத்துகிறார், யாருடைய வேலை மாறியது. ஆறாம் வகுப்புக்கு எண்களே வேண்டாம். வீட்டு வருமானத்தை எழுதச் சொல்லாதீர்கள். தொழிலின் பெயர் மட்டும் போதும். நான்காவது நிரலுக்கு மாணவர்கள் பெரியவர்களிடம் கேட்டு வர இரண்டு நாள் கொடுங்கள்.

எங்கள் ஊர் மாணவர்களுக்கு ஐந்தாவதாக ஒன்று கொடுக்கலாம். புவிசார் குறியீடு பெற்ற தம்மம்பட்டி மரச்சிற்பம் மரப்பொருள் உற்பத்தியாக 16-இல் வரும். ஆனால் சிற்பி தன் கற்பனையில் ஒரே ஒரு படைப்பாகச் செதுக்கினால் அது கலை, 90. கணினி வழி செதுக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி, உருவத்தை அது வெட்ட, முகத்தை மட்டும் அவர் உளியால் முடித்தால் 16-ஆ, 90-ஆ? வகைப்பாட்டு நூல் இதற்கு நேராக விடை சொல்லாது. பட்டறைக்கே போய்க் கேட்டு வரட்டும்.