திசு மாதிரி ஆய்வகம் சேரும் வரை: நோயாளிகளும் உறவினர்களும் அறிய வேண்டியவை

கட்டி, ஆறாத புண், நிணநீர்க்கணு வீக்கம் ஆகியவற்றின் காரணத்தை அறியப் பயாப்சி எனப்படும் திசுப் பரிசோதனை செய்யப்படுகிறது. ஊத்துக்கோட்டை போன்ற ஊர்களிலிருந்து திசு மாதிரிகள் திருவள்ளூருக்கோ சென்னைக்கோ செல்ல நேரிடலாம். சில வேளைகளில் உறவினரே மாதிரிக் குப்பியை எடுத்துச் செல்கின்றனர். வழியில் மாதிரி பழுதுபட்டால், நோயாளிக்கு மீண்டும் திசு எடுக்க நேரிடும்.

உடனே பதப்படுத்துவது ஏன்?

உடலிலிருந்து பிரிந்த திசுவை அதிலுள்ள நொதிகளே சிதைக்கத் தொடங்குகின்றன. இதைத் தடுக்கும் முறை, செய்யவிருக்கும் பரிசோதனையைப் பொறுத்து மாறுபடும்.

* நுண்ணோக்கிப் பரிசோதனை: திசுவைப் போல் குறைந்தது 10 மடங்கு அளவுள்ள 10 விழுக்காடு ஃபார்மலின் கரைசலில் இட வேண்டும். பின்னர் அது மெழுகில் பதிக்கப்பட்டு, 3 முதல் 5 மைக்ரான் தடிமனில் சீவப்படும்.
* காசநோய்க் கிருமி வளர்ப்பு: கிருமி நீக்கிய உப்புநீரில் அனுப்ப வேண்டும். ஃபார்மலின் கிருமிகளைக் கொன்றுவிடுவதால் வளர்ப்புச் சோதனை இயலாது.
* நிறை நிறமாலைப் படமாக்கம்: திசுவின் எப்பகுதியில் எந்த மூலக்கூறு உள்ளது என்பதைக் காட்டும் இம்முறை, பெரும்பாலும் ஆராய்ச்சிக்கே பயன்படுகிறது. திசு மிக விரைவாக உறைய வைக்கப்பட்டு, மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் பாதுகாக்கப்படும். ஏறத்தாழ 10 மைக்ரான் தடிமனில் சீவி, கண்ணாடித் தகட்டில் பதித்து, லேசர் ஒளியை உட்கவரும் வேதிப்பொருளை அதன்மேல் தெளிப்பர். மெழுகில் பதிக்கும்போது கொழுப்பு மூலக்கூறுகளில் பெரும்பகுதி கரைந்துவிடும். எனவே அவற்றை ஆராய உறைந்த திசுவே ஏற்றது.

வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் உறைய வைக்கலாமா?

கூடாது. மெதுவாக உறையும்போது உருவாகும் பனிப்படிகங்கள் செல்களைச் சிதைத்துவிடும்.

எடுத்துச் செல்வோர் கவனத்திற்கு

* ஒன்றுக்கு மேற்பட்ட பரிசோதனைகள் தேவையா, தனித்தனிக் குப்பிகள் வேண்டுமா என்பதைத் திசு எடுக்கும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.
* குப்பியில் பெயர், வயது, திசு எடுத்த இடம், நாள், நேரம் ஆகியன உள்ளனவா எனச் சரிபாருங்கள்.
* குப்பியிலுள்ள திரவத்தை மாற்றவோ அதனுடன் தண்ணீர் சேர்க்கவோ வேண்டாம்.
* ஃபார்மலின் நச்சுத்தன்மை உடையது. மூடியைத் திறக்காதீர்கள். கண்ணில் பட்டால், ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரை அணுகுங்கள்.
* மெழுகுக் கட்டியை எடுத்துச் சென்றால், வெயிலில் நிற்கும் வாகனத்தில் வைக்காதீர்கள்.
* மாதிரியை அன்றே ஒப்படைத்து, ஒப்புகைச் சீட்டைப் பெறுங்கள்.

ஆராய்ச்சிக்காகத் திசு கேட்கப்பட்டால், விளக்கம் பெற்ற பின்னரே எழுத்துமூலம் ஒப்புதல் அளியுங்கள். மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மறுப்பதால் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.